ஆரஞ்சு டீயும் ரத்னாவின் பெயரும்

டேஸ்டிங் ரூமுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் இதை எழுதுகிறேன். போன மாதம் ஹெப்பகோடி கம்பெனிக்கு வந்து உங்களுக்கு ஆரஞ்சு டீ போட்டுக் காட்டினேனே, அந்தக் கிழவன்தான். அன்று பேசியதை ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள், இனி வருகிறவர்களுக்கும் உதவும் என்று முதலாளி கேட்டார். ஒரு பக்கத்தில் முடியவில்லை. எழுத உட்காரும்போதே முடியாது என்று எனக்குத் தெரியும்.

முதலில் அவர் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். டப்பாமேல் இங்கிலீஷில் என்ன பெயர் போட்டிருந்தாலும் நமக்குள் அது ஆரஞ்சு டீதான். முழு இலைக் கறுப்புத் தேயிலை, அதன்மேல் பெர்கமாட் என்கிற ஒரு புளிப்பு ஆரஞ்சின் தோல் எண்ணெய். நம் ஊர் நார்த்தங்காயை நகத்தால் கீறினால் வருமே, அதற்குப் பக்கத்து வீட்டு வாசனை. ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் இலை போதும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி, குமிழி அடங்கியபின் ஊற்றுங்கள். இலையை அடுப்பில் போட்டுக் கொதிக்கவிடாதீர்கள். அது மசாலா டீ கடை வேலை. ஊற்றிய உடனே மூடிவிடுங்கள். மூடாமல் விட்டால் வாசனை எல்லாம் உங்கள் சமையலறைக்குப் போய்விடும், கப்பில் துவர்ப்பு மட்டும் மிஞ்சும். நாலு நிமிஷம். பிறகு மூடியைத் தூக்கும்போது மூக்கைப் பக்கத்தில் வையுங்கள். அந்த முதல் மூச்சுதான் இந்த டீ, குடிப்பது அதற்கு அப்புறம். பால் ஊற்றுவது உங்கள் இஷ்டம், ஆனால் முதல் இரண்டு வாயாவது சும்மா குடித்துப் பாருங்கள்.

அவ்வளவுதான். இதெல்லாம் டப்பாவின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. இதை எழுத என்னை லிங்கராஜபுரத்து வீட்டிலிருந்து கூப்பிட்டிருக்க வேண்டியதில்லை.

நான் எழுத வந்தது வேறு. அன்று டீ போட்டுக் காட்டிவிட்டு மிக்ஸிங் ரூம் வழியாக வெளியே வந்தேன். உங்களில் ஒரு பெண் எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்றாள். இன்னொருத்தி அவளிடம், “ஏய், ரெண்டு தடவ லேபிள் பாருடி, ரத்னா ஆயிடப் போவுது” என்றாள். எல்லோரும் சிரித்தீர்கள். நான் நின்று, “ரத்னான்னா என்னம்மா?” என்று கேட்டேன்.

“அது இங்க சொல்றது சார். யாரோ ரத்னான்னு முன்னாடி இருந்தாங்களாம். டப்பாவ மாத்திப் போட்டு ஒரு முழு லாட்டையே கெடுத்துட்டாங்களாம். அதனால தப்பு பண்ணா ‘ரத்னா ஆயிடுச்சு’ன்னு சொல்வோம்.”

நீங்கள் மறுபடி சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வேனில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் நான் சிரித்தது எனக்கு உறைத்தது. 

அந்த ரத்னாவை எனக்குத் தெரியும். பதினாறு வருஷம் என் பக்கத்தில் வேலை செய்தவள். மர்பி டவுனில் வீடு. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான், ஒரே மகள். காலையில் கம்பெனி வேன் முதலில் என்னை ஏற்றிக்கொண்டு, பிறகு பக்கத்து அல்சூரில் அவளை ஏற்றிக்கொள்ளும். பேக்கிங்கில் சேர்ந்தவளை டேஸ்டிங் ரூமுக்கு இழுத்துவந்தது அவளுடைய மூக்கு. ஒரு தடவை ஒரு மூட்டையைப் பிரித்ததும், “சார், இது சாமி படத்துக்குக் கீழ இருந்த மூட்டயா?” என்றாள். ஊதுவத்தி வாசனை ஏறியிருந்தது. நான் மூன்று முறை மோந்தபிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அன்றுமுதல் சாமி படம் ஆபீஸ் அறைக்குப் போனது, ரத்னா என் அறைக்கு வந்தாள்.

அவளுடைய வேலை காலையில் கப் அடுக்குவது. மேஜைமேல் ஆறு வெள்ளைக் கப். ஐந்தில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய ஆரஞ்சு டீ. ஒன்றில் மட்டும் எண்ணெயே போடாத சாதா இலை. அது எந்தக் கப் என்று அடுக்கியவருக்கு மட்டும் தெரியும். அதற்கு ஊமைக் கப் என்று பெயர். எனக்கு முன்னால் இருந்த டேஸ்டர் கொண்டுவந்த வழக்கம் அது. டேஸ்டர் முதலில் ஊமைக் கப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அன்றைக்கு அவர் எதையும் பாஸ் பண்ணக் கூடாது. நாள் முழுக்க ஒரே எண்ணெயில் புழங்கினால் மூக்கு மரத்துப்போய், இல்லாத வாசனையும் இருக்கிற மாதிரி தோன்றும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இப்போது உங்களுக்கு அதைச் சொல்லித் தந்தார்களா என்று தெரியவில்லை. அன்று உங்கள் மேஜையில் நான் பார்க்கவில்லை.

அந்தப் பழைய டேஸ்டருக்கு ஜலதோஷம் பிடித்தால் முதல் கப்பை மோந்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளுவார். “இன்னிக்கி மூக்கு லீவு” என்பார். எழுந்துபோய் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பார். முதலாளியின் அப்பா எதிரிலேயே இப்படிச் சொல்லி நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவரைக் குறைவாக நினைத்ததில்லை. நாலே நாலு வார்த்தைகூட இல்லை, மூன்றுதான். எனக்கு அவை தேவைப்பட்டபோது வாயில் வரவில்லை.

கொரோனா வந்தது. லாக்டவுனில் நம் கம்பெனியும் மூடிக் கிடந்து, மெல்லத் திறந்தது. பாதிப் பேரைத் திரும்பக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள், ரத்னாவைக் கூப்பிட்டார்கள். வேலைக்கு வந்த ஒரு மாதத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, வீட்டிலேயே படுத்திருந்து எழுந்துவிட்டேன். ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மாடியிலிருந்து ஓடிவந்தாள். “பால் தீஞ்சு தெரு முழுக்க நாறுது, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்களே!” பாத்திரம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவள் வீட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து என் மூக்கடியில் நீட்டினாள். கிராம்பு, பூண்டு, என் ஷேவிங் லோஷன். கடைசியில் நம் ஆரஞ்சு டீயைப் போட்டு, மூடி, நாலு நிமிஷம் கழித்து என் முன்னால் வைத்து அவளே மூடியைத் தூக்கினாள். ஆவி முகத்தில் அடித்தது, சூடு தெரிந்தது. வேறு எதுவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றதுபோல இருந்தது. ஐம்பத்தேழு வயதில் அழுதேன்.

“ஆபீஸ்ல சொல்லிடுங்க” என்றாள்.

“சொல்லி? கண்ணு தெரியலன்னு டிரைவர் சொல்ற மாதிரி ஆவும். நாளைக்கே வேற ஆள் பார்ப்பாங்க.”

“கொஞ்ச நாள்ல வந்துடும்னு டாக்டர் சொல்றாரு இல்ல?”

“வரட்டும். வந்தப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்கு?” என்று வாயை அடைத்தேன். இதுதான் முதல் தப்பு. மீதி எல்லாம் இதிலிருந்து வந்தவை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் முதலாளி அறையிலேயே நின்றார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஒவ்வொரு கப்பாக மோந்தேன், உறிஞ்சினேன், துப்பினேன். நாக்கு வேலை செய்தது. துவர்ப்பு, கனம், உப்பு, கசப்பு தெரிந்தது. வாசனை மட்டும் சுத்தமாக இல்லை. நாலாவது கப்பில் நின்று, “இது நல்லா வந்திருக்கு” என்றேன். ரத்னா என்னை ஒரு தரம் பார்த்தாள். கடைசிக் கப்பைக் காட்டி, “இதுதான ஊம?” என்று ஒரு குத்துமதிப்பாகச் சொன்னேன். “ஆமா சார்” என்றாள். முதலாளி போய்விட்டார். நான் தப்பித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் காலை வரிசையில் ஒரு கப் விளிம்பில் நகக்கண் அளவுக்கு உடைந்திருந்தது. எப்போதோ தூக்கிப் போடச் சொன்ன கப். நாக்குக்கு எல்லாக் கப்பும் ஒன்றுபோலவே பட்டன, கண்ணுக்கு வித்தியாசமாகப் பட்டது அது மட்டும்தான். அதைக் காட்டி “ஊம” என்றேன். சரியாக இருந்தது. அடுத்த நாள் அந்த உடைந்த கப் வேறு இடத்தில் இருந்தது, அப்போதும் அதுவே ஊமை. மூன்றாவது நாளும் அப்படியே. ரத்னா கவனமில்லாமல் தினமும் அதே கப்பில் சாதா இலையைப் போடுகிறாள் என்று புரிந்துகொண்டேன். ‘பதினாறு வருஷம் ஆகியும் புத்தி பத்தலையே’ என்று அவளைப் பற்றி மனதுக்குள் இளக்காரமாக நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. எனக்கு வசதியாக இருந்ததால் சொல்லவில்லை. அந்த உடைந்த கப்பைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு வாரம் ஓட்டினேன்.

அப்போதுதான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. ஏதோ ஒரு கம்பெனி, வீட்டிலிருந்து வேலை செய்யும் தன் ஆட்களுக்கெல்லாம் பண்டிகைக்கு ஆரஞ்சு டீ டப்பா அனுப்ப நினைத்தது. லாக்டவுனுக்குப் பிறகு எங்களுக்கு உயிர் வந்தது அந்த ஆர்டரில்தான். இலை இருந்தது. எண்ணெய் பாதி ஆர்டருக்குத்தான் வரும். புதுச் சரக்கு துறைமுகத்தில் கிடந்தது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. லாரி மூன்றாம் நாள் காலை வந்து நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி கோயம்புத்தூர் போயிருந்தார்.

ரத்னா ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் நாலு சொட்டு எண்ணெய் கொண்டுவந்தாள். “சார், பழய டப்பா ஒண்ணு கீது. லாக்டவுனுக்கு முன்னாடி தொறந்தது. பாதி காலி. தொட வேணாம்னு சிவப்பு கோடு போட்டு ஓரமா வெச்சிருந்தோம். இத்த மோந்து பாருங்க. எனக்கு சரியில்ல.”

தோல் எண்ணெய்க்குக் காற்று ஆகாது. பாதி காலியான டப்பாவில் மாதக்கணக்கில் கிடந்தால் ஆரஞ்சு வாசனை போய் டர்பன்டைன் வாசனை வந்துவிடும். இது உங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கும் தெரியும். தட்டை மூக்கருகே கொண்டுபோனேன். சுவர்தான்.

“எப்படி இருக்குங்கற?” என்று அவளையே கேட்டேன். அவள் சொல்வதை வைத்துக்கொண்டு ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன்.

“புதுசா பெயின்ட் அடிச்ச வூடு மாதிரி வருது சார்.”

அவள் சொன்னதை நம்பியிருக்கலாம். பதினாறு வருஷத்தில் அந்த மூக்கு பொய் சொன்னதில்லை. ஆனால் நம்பினால் ஆர்டர் பாதியில் நிற்கும். ஏன் என்று முதலாளி கேட்பார், கோயம்புத்தூரிலிருந்து வந்ததும் என்னையும் மோந்து பார்க்கச் சொல்வார். இதெல்லாம் ஒரு நொடியில் மனதில் ஓடியது. எண்ணெயைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, என்னைப் பற்றித்தான் யோசித்தேன்.

“எண்ணெயா மோந்தா அப்படித்தான் காரமா இருக்கும். இலையில ஏறினா அடங்கிடும். போடு.”

“சார், சும்னே சொல்லல. ரெண்டு நாள் பொறுத்து பார்க்கலாமா? இல்லாங்காட்டி முதலாளி வந்து ஒரு தபா மோக்கட்டும்.”

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. “இங்க டேஸ்டர் யாரு ரத்னா? நீயா, நானா?” என்று கத்தினேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

 அவள் மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு தட்டை எடுத்துப்போனாள். மிக்ஸிங்கில், பேக்கிங்கில், எல்லோர் முகத்திலும் மாஸ்க். அந்த லாட் டப்பாவில் போய் மூடிக்கொள்ளும்வரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதெல்லாம் இப்போது மாதிரி எழுதிக் கையெழுத்துப் போடும் சீட்டு கிடையாது. நான் ‘போடு’ என்றால் போடுவது, ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்.

பத்து நாளில் டப்பாக்கள் திரும்ப வந்தன. நடைபாதை முழுக்க அட்டைப் பெட்டிகள். முதலாளி எங்கள் எல்லோரையும் வரச் சொல்லி, எல்லார் எதிரிலும் ஒரு டப்பாவைத் திறந்தார். “ஏனிது, என்ன இது?” என்றார். சுற்றி நின்றவர்கள் மாஸ்க்கோடு சேர்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். அவர்கள் போவதைப் பார்த்து நானும் ஒரு அடி பின்னால் போனேன். கொஞ்சம் தாமதமாகத்தான் போனேன். அதை ரத்னா பார்த்தாள்.

சிவப்புக் கோடு போட்ட டப்பா காலியாக இருந்ததை அவர் முன்பே கண்டுபிடித்துவிட்டார். “இதை யாரு எடுத்தது?”

“நான்தான் எடுத்தேன் சார்” என்றாள் ரத்னா.

“யாரைக் கேட்டு?”

அவள் என்னைப் பார்த்தாள். அவரும் என் பக்கம் திரும்பினார். எங்களோடு பேசும்போது தமிழையும் கன்னடத்தையும் கலந்துகொள்வார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். “சார், நீவே ஹேளி, நீங்களே சொல்லுங்க. நீங்க மோந்து பார்த்த எண்ணெய் எப்படி இருந்தது?”

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். “நான் பார்த்தது நல்லாத்தான் இருந்தது சார்.”

பொய் மாதிரியே இல்லை, பாருங்கள். யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் என் மூக்கைத் தெய்வமாக நம்பிய மனிதருக்கு அதில் ஒரே அர்த்தம்தான் கிடைக்கும்.

“அப்போ ஆமேலே, அதுக்கு அப்புறம்தான் டப்பா மாறியிருக்கு” என்று அவர் முடித்துவிட்டார்.

ரத்னா வாயைத் திறப்பாள் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவள் என்னையே பார்த்தபடி நின்றாள்.  பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலை வேனில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின்னால். அல்சூரில் இறங்கும்போது எப்போதும்போல “வரேன் சார்” என்றாள்.

திங்கட்கிழமை காலை பேக்கிங்கிலிருந்து வேறொருவர் வந்து கப் அடுக்கினார். ஆறு கப், அதில் விளிம்பு உடைந்ததும் ஒன்று. நான் தெம்பாக நேரே அந்தக் கப்பை எடுத்து மோந்து, உறிஞ்சி, “இது ஊம” என்றேன்.

“இல்லயே சார். இது மூணாம் நம்பர் லாட். ஊம இதோ, இங்க இருக்கு.”

கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தேன். கவனக்குறைவு இல்லை அது. முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் “நல்லா வந்திருக்கு” என்று பாராட்டிய நாலாவது கப்தான் அன்றைய ஊமை, அதனால்தான் அப்போது என்னை ஒரு தரம் பார்த்திருக்கிறாள். கடைசிக் கப்பைக் காட்டி நான் கேட்டபோது முதலாளி எதிரில் ‘ஆமா சார்’ என்று எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். மறுநாள் முதல் நான் பிடித்துக்கொள்ள ஒரு அடையாளமாகத் தூக்கிப் போட வேண்டிய கப்பைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். ஏழெட்டு வாரம் தினமும் காலையில் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். நான் அவளுக்குப் புத்தி பத்தவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதாவது ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேனா? இல்லை. “இன்னிக்கி மூக்கு லீவு” என்றேன். கடைசியில் அந்த வார்த்தை வந்தது, வரவேண்டிய நேரம் போனபிறகு. உடம்பு சரியில்லை என்று சொல்லி அந்த மாதமே வேலையை விட்டேன். சால்வை போட்டார்கள். ‘இந்த மூக்கு இனி கிடைக்காது’ என்று முதலாளி பேசினார். கை தட்டினார்கள். அந்தச் சால்வையை நான் இதுவரை பிரிக்கவில்லை.

ரத்னா வீட்டுக்குப் போக எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. இரண்டு தடவை மர்பி டவுன் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். மூன்றாவது தடவை என் மனைவி என்னைக் கையோடு கூட்டிப்போய் அவள் தெருமுனையில் விட்டுவிட்டு, “நான் அல்சூர் மார்க்கெட்ல இருக்கேன். நீங்களே போங்க” என்று சொல்லிவிட்டாள். என் கையில் ஒரு ஆரஞ்சு டீ டப்பா இருந்தது. வேறு என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை.

கதவைத் திறந்தவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. “வாங்க சார். ஒடம்பு எப்படி கீது?” என்றாள். நான் உட்காருவதற்கு முன்பே, மனப்பாடம் பண்ணிவந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு டப்பாவை அவள் கையில் கொடுத்தேன்.

“பேஜார் ஆவாதீங்க சார். இருங்க, டீ போடறேன்.” நான் கொண்டுபோன டப்பாவையே பிரித்தாள். தண்ணீரை இறக்கி, குமிழி அடங்கும்வரை நின்றாள். ஊற்றி, சாசரால் மூடினாள். கடிகாரம் பார்க்கவில்லை. நாலு நிமிஷம் அவள் உடம்பிலேயே இருந்தது. அந்த நாலு நிமிஷத்தில்தான் பேசினாள்.

“அந்த ஒடஞ்ச கப்ப நான் வெச்சிருக்கக் கூடாது சார். அதுவும் தப்புதான. மூக்கு சீக்கிரம் வந்துடும், அதுவரிக்கும் ஓட்டிடலாம்னு நெனச்சேன்.”

“அன்னிக்கி ஏன் சொல்லல ரத்னா? எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே.”

“நான் சொன்னா யாரு நம்புவா? உங்க மூக்கா, என் மூக்கா? அதுவும் இல்லாம நீங்களே சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கினே நின்னேன்.” அடுப்பைத் துடைத்தாள். “சொல்லுவீங்கன்னு ரொம்ப நம்பிட்டேன் சார்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மழை வரும் என்று நினைத்தேன், வரவில்லை என்பதுபோலச் சொன்னாள்.

இப்போது என்ன வேலை என்று கேட்டேன். ஒரு ஆபீஸ் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். “தெனமும் எட்டு மாடி தொடைக்கறோம். லெமன் ஃபினாயில். அதே வாசன மூக்குல ஏறி ஏறி, இப்ப எனக்கு எதுவும் சரியா தெரியறது இல்ல சார். எலுமிச்சம்பழத்த மோந்தாலும் ஃபினாயிலாத்தான் வருது.”

சாசரைத் தூக்கினாள். ஆவி எழுந்தது. நான் பழக்கத்தில் குனிந்தேன். எனக்கு மற்ற வாசனைகள் பாதிக்குமேல் திரும்பிவிட்டன. இந்த ஒன்று மட்டும் இன்றுவரை வரவில்லை. அவளும் குனிந்து மூச்சை இழுத்தாள், இல்லை என்று தலையை ஆட்டினாள்.  அப்போது உள் அறையிலிருந்து அவள் மகளின் குரல் வந்தது.

“அம்மா, கித்தளை உரிச்சியா? வூடே ஆரஞ்சு வாசனயா இருக்கே!”

ரத்னா முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கிளம்பும்போது, முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். “இப்ப சொல்லி எனக்கு இன்னா சார் ஆவப் போவுது? உங்களுக்கு மனசு ஆறும்னா சொல்லுங்க” என்றாள். எனக்கு அது போதுமான சாக்காகிவிட்டது. அவளே வேண்டாம் என்று சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டு இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது எழுதும்போதுதான் அது எனக்கே தெரிகிறது.

போன மாதம் உங்கள் முன்னால் மூடியைத் தூக்கி, கண்ணை மூடி, “ஆகா!” என்றேனே, அதுவும் பொய்தான். எனக்கு ஒன்றும் வரவில்லை. ஐந்து இளம் முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன, சொல்ல வெட்கமாக இருந்தது. பழைய வியாதி அவ்வளவு சுலபத்தில் போவதில்லை.

வேலையை நீங்கள் கற்றுக்கொள்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்களிடம் கேட்பது இரண்டுதான். நாளைக் காலையிலிருந்து மேஜையில் மறுபடி ஊமைக் கப் வையுங்கள். அதைக் கண்டுபிடிக்க முடியாத நாளில், யார் எதிரில் நின்றாலும், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு அந்த மூன்று வார்த்தையைச் சொல்லுங்கள். உங்கள் மூக்குக்கு வராத ஒன்றைப் பக்கத்தில் நிற்பவர் வருகிறது என்றால், அவர் யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள்.

இரண்டாவது வேண்டுகோள், முதலாளிக்கும் சேர்த்து. சார், அன்று நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன். சிவப்புக் கோடு டப்பாவை ரத்னா என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். கெட்டுவிட்டது என்று சொன்னாள், உங்களைக் கேட்கலாம் என்றும் சொன்னாள். மூக்கே இல்லாமல் ‘போடு’ என்று சொன்னவன் நான். எந்த டப்பாவும் மாறவில்லை. இந்தத் தாள்களை மிக்ஸிங் ரூம் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். ஒரு நகலை மர்பி டவுனுக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

பிள்ளைகளே, தப்புக்கு ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுவது நல்ல பழக்கம்தான், எச்சரிக்கையாக இருக்கும். அதை நிறுத்தச் சொல்லமாட்டேன். நாளைக்கு யாராவது அவசரத்தில் டப்பாவைத் தூக்கினால், “பாத்துடி, அருளானந்தம் ஆயிடப் போவுது” என்று சொல்லுங்கள். என் பெயர் கொஞ்சம் நீளம், வேண்டுமானால் சுருக்கிக்கொள்ளுங்கள்.